மூன்றே கட்டுரை எழுதிய மேதை

எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜனின் வாழ்க்கை வரலாறு

ஒரு விஞ்ஞானி பெரியவரா, சிறியவரா? இதை எப்படித் தெரிந்து கொள்வது?

வியாபாரி என்றால் கல்லாப் பெட்டியைப் பார்க்கலாம். பயில்வான் என்றால் எத்தனை பேரைச் சாய்த்தான் என்று எண்ணலாம். நடிகர் என்றால் படம் எத்தனை நாள் ஓடியது என்று கேட்கலாம். விஞ்ஞானியை எதைக் கொண்டு அளப்பது?

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

விஞ்ஞானி தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி, அதற்கென்று உள்ள பத்திரிகையில் வெளியிடுகிறார். அதை இன்னொரு விஞ்ஞானி படிக்கிறார். அதை வைத்து மேலும் ஆராய்ச்சி செய்கிறார். பிறகு அவரும் ஒரு கட்டுரை எழுதுகிறார். இன்னார் எழுதிய இன்ன கட்டுரையிலிருந்து இதைத் தெரிந்து கொண்டேன் என்று அதன் அடியில் குறிப்பிடுகிறார். இதற்கு மேற்கோள் என்று பெயர்.

கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறார்கள் அல்லவா? யார் என்ன கொடுத்தார் என்பது அதில் இருக்கும். மேற்கோளும் அப்படித்தான். அறிவைக் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் கட்டுரையில் இருக்கும்.

ஒருவருடைய கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணினால், அவர் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிந்து விடும். இப்படி ஒரு எண்ணம். இன்று உலகத்தில் பல இடங்களில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் பேராசிரியர்களுக்கு உத்தியோக உயர்வு கொடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதும் இதைப் பார்த்துத்தான்.

இந்தத் தராசில் வைத்துப் பார்க்கவேண்டிய ஒரு மனிதர் உண்டு. கத்தி வைக்காமல், தோலைக் கிழிக்காமல், உயிரோடு இருக்கும் மனிதரின் எலும்பை முதன்முதலில் படம் பிடித்துக் காட்டியவர். அவர் பெயர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன்.

காட்டிக் கொடுக்காத மாணவன்

ராண்ட்ஜன் ஜெர்மனியில் லென்னெப் என்ற சிற்றூரில் 1845-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி பிறந்தார். தந்தை துணி வியாபாரி. தாயாரின் குடும்பம் ஹாலந்து நாட்டில் இருந்தது. ராண்ட்ஜன் ஒரே பிள்ளை. அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்தில் அபெல்டோர்ன் என்ற ஊருக்குக் குடியேறியது.

பையன் படிப்பில் சூரன் அல்ல. காடு மேடு சுற்றுவான். கையால் ஏதாவது கருவி செய்து கொண்டிருப்பான்.

1862-ம் ஆண்டு யூட்ரெக்ட் நகரில் ஒரு தொழிற்பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒரு வம்பு வந்தது. வகுப்பில் ஒரு மாணவன், ஆசிரியரைக் கேலி செய்து படம் வரைந்து விட்டான். ஆசிரியர் பார்த்து விட்டார். யார் வரைந்தது என்று கேட்டார்கள். வரைந்தவன் வேறு பையன். ராண்ட்ஜனுக்கு அது தெரியும். ஆனால் பெயரைச் சொல்ல மறுத்து விட்டார்.

பள்ளிக்கூடத்தை விட்டு அவரை வெளியேற்றி விட்டார்கள்.

இதன் பலன் என்ன? பள்ளியை முடித்ததற்கான சான்றிதழ் கிடைக்கவில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஹாலந்திலும் ஜெர்மனியிலும் சர்வகலாசாலையில் முறையாகச் சேர முடியாது. ஒரு துண்டுக் காகிதம் அவர் வழியில் மலை போல நின்றது.

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் இருந்த தொழிற்கல்லூரி, இந்தச் சான்றிதழ் இல்லாதவர்களையும் சேர்த்துக் கொண்டது. 1865-ம் ஆண்டு ராண்ட்ஜன் அங்கே போய் இயந்திரப் பொறியியல் படித்தார். 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே ஆகஸ்ட் குண்ட் என்ற பேராசிரியர் இவருடைய கைத்திறனைக் கண்டு, தமக்கு உதவியாளராக வைத்துக் கொண்டார்.

சூரிச்சில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அங்கே சிற்றுண்டி விடுதி நடத்திய ஒருவரின் மகள் பெர்தா. ராண்ட்ஜனை விட ஆறு வயது மூத்தவள். இருவரும் காதலித்து 1872-ம் ஆண்டு மணந்து கொண்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பெர்தாவின் சகோதரர் மகளை வளர்ப்பு மகளாக எடுத்துக் கொண்டார்கள்.

1870-ம் ஆண்டு குண்ட், ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்குப் போனார். ராண்ட்ஜனும் கூடப் போனார். அங்கே ஆசிரியராகும் உரிமை கேட்டார். சர்வகலாசாலை மறுத்து விட்டது. டாக்டர் பட்டம் இருக்கிறது. ஆராய்ச்சி செய்திருக்கிறார். ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள்!

பிறகு ஸ்ட்ராஸ்பர்க், ஹோஹென்ஹைம், கீசன் என்று பல ஊர்களில் வேலை பார்த்தார். பளிங்குகள், வாயுக்கள், மின்சாரம் ஆகியவை பற்றிக் கட்டுரைகள் எழுதினார். நல்ல பெயர் வந்தது. 1888-ம் ஆண்டு, முன்பு கதவைச் சாத்திய அதே வூர்ஸ்பர்க், இவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894-ல் அதே சர்வகலாசாலைக்குத் தலைவரும் ஆனார். சான்றிதழைப் பற்றி இப்போது யாரும் கேட்கவில்லை.

இருட்டறையில் பச்சை ஒளி

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. வெள்ளிக்கிழமை. ராண்ட்ஜனுக்கு அப்போது வயது 50.

மாலை நேரம். ஆராய்ச்சிச் சாலையில் அவர் தனியாக இருந்தார். காற்றை வெளியேற்றிய ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைச் செலுத்திச் சோதனை செய்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் நன்றாக மூடியிருந்தார். வெளிச்சம் துளிகூட வெளியே வராது. அறையும் இருட்டு.

மின்சாரத்தைச் செலுத்தினார். தள்ளி இருந்த மேஜையில் ஏதோ மினுங்கியது! மின்சாரத்தை நிறுத்தினார். மினுக்கம் போய்விட்டது. மறுபடி செலுத்தினார். மறுபடி மினுங்கியது.

நெருப்புக்குச்சியைக் கிழித்துப் பார்த்தார். அங்கே கிடந்தது பேரியம் பிளாட்டினோ சயனைடு என்ற மருந்து பூசிய அட்டை. ஒளி பட்டால் பச்சையாக மினுங்கும் மருந்து அது. ஆனால் ஒளிதான் வெளியே வரவில்லையே! கறுப்பு அட்டையைத் துளைத்துக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வருகிறது.

அன்று முதல் ஏழு வாரம். ராண்ட்ஜன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உதவியாளர்களிடமும் சொல்லவில்லை. வீடு அதே கட்டிடத்தில் மாடியில் இருந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தாமதமாக வருவார். பேசாமல் சாப்பிடுவார். திரும்பப் போய்விடுவார்.

குழாய்க்கும் அட்டைக்கும் நடுவே ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்தார். ஆயிரம் பக்கப் புத்தகம் வைத்தார். கதிர் அதைத் தாண்டிப் போயிற்று. சீட்டுக்கட்டு வைத்தார். தாண்டிப் போயிற்று. மரக்கட்டை வைத்தார். அதையும் தாண்டிப் போயிற்று. ஈயம் வைத்தார். நின்றது. கையை நீட்டினார். கையின் நிழலுக்குள் எலும்பின் நிழல் கறுப்பாகத் தெரிந்தது!

தம் கண்ணையே அவர் நம்பவில்லை. போட்டோத் தகட்டில் பதிவு செய்தால்தான் நம்புவேன் என்று முடிவு செய்தார்.

டிசம்பர் 22-ந் தேதி பெர்தாவைக் கீழே அழைத்து வந்தார். போட்டோத் தகட்டின் மேல் கையை வைக்கச் சொன்னார். சுமார் 15 நிமிடம் அசையாமல் வைத்திருந்தாள். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது விரல் எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு விரலில் கல்யாண மோதிரம் தொங்கியது. பெர்தா நடுங்கிப் போனாள். தன் சாவையே பார்த்து விட்டதாக அவளுக்குத் தோன்றியது.

இன்ன கதிர் என்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று போடுவது போல, எக்ஸ் கதிர் என்று ராண்ட்ஜன் பெயர் வைத்தார்.

புத்தாண்டுத் தபால்

டிசம்பர் 28-ந் தேதி பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை வூர்ஸ்பர்க் பௌதிக மருத்துவச் சங்கத்தின் காரியதரிசியிடம் கொடுத்தார். 17 சிறு பகுதிகள். அலங்காரம் இல்லை. இதை வைத்தேன், இது தெரிந்தது என்ற பேச்சுத்தான். கிறிஸ்துமஸ் விடுமுறை. கூட்டம் கிடையாது. ஆகவே கூட்டத்தில் படிக்கப்படாமலே கட்டுரை அச்சுக்குப் போயிற்று.

1896-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அச்சான பிரதிகளையும் எலும்புப் படங்களையும் உறையில் போட்டு, பல நாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார்.

ஒரு உறை வியன்னாவில் இருந்த நண்பர் எக்ஸ்னருக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கு வந்தவர்களிடம் படத்தைக் காட்டினார். வந்தவர்களில் ஒருவருடைய தந்தை பத்திரிகை ஆசிரியர். ஜனவரி 5-ந் தேதி வியன்னா பத்திரிகையில் முதல் பக்கத்தில் செய்தி வந்து விட்டது! மறுநாளே தந்தி மூலம் லண்டனுக்குப் போயிற்று. சில நாளில் உலகம் முழுவதும் இதே பேச்சு.

ஜனவரி 13-ந் தேதி பெர்லின் அரண்மனையில் கைசர் சக்கரவர்த்தியின் முன் ராண்ட்ஜன் சோதனை நடத்திக் காட்டினார். 23-ந் தேதி வூர்ஸ்பர்க்கில் சொற்பொழிவு. அங்கேயே, கோலிக்கர் என்ற முதிய உடற்கூறு பேராசிரியரின் கையைப் படம் எடுத்துக் காட்டினார். சபையில் கரகோஷம் எழுந்தது. இதற்கு ராண்ட்ஜன் கதிர் என்று பெயர் வைக்கவேண்டும் என்று கோலிக்கர் யோசனை சொன்னார்.

டாக்டர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. பிப்ரவரி 3-ந் தேதி அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில், ஒரு சிறுவனின் ஒடிந்த மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1897-98-ல் நடந்த தீரா போரில், சிப்பாய்களின் உடம்பில் புதைந்த குண்டைத் தேட எக்ஸ்ரே பயன்பட்டது. லண்டனில் எக்ஸ்ரே ஊடுருவாத உள்ளாடை என்று ஒரு கடைக்காரர் விளம்பரம் செய்தார். மானத்தைக் காப்பாற்றிக் கொள்ள அதையும் சிலர் வாங்கியிருப்பார்கள்!

பத்திரிகைக்காரர் ஒருவர் ராண்ட்ஜனிடம், அந்த ஒளியைப் பார்த்ததும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். தாம் ஒன்றும் நினைக்கவில்லை, சோதனை செய்து பார்த்ததாக அவர் பதில் சொன்னார்.

ஒரே ஆண்டில் ஆயிரம்

இப்போது கணக்குக்கு வருவோம்.

ஓட்டோ கிளாசர் என்ற விஞ்ஞானி 1931-ம் ஆண்டு ராண்ட்ஜனின் வரலாற்றை வெளியிட்டார். 1896-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் எக்ஸ்ரே பற்றி உலகத்தில் என்னென்ன எழுதினார்கள் என்று தேடித் தேடிச் சேர்த்தார். புத்தகங்களும் சிறு நூல்களும் 49. கட்டுரைகள் 1044!

தபாலும் தந்தியும் மட்டும் இருந்த காலம் அது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூன்று கட்டுரை வீதம் வந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் ராண்ட்ஜன் எக்ஸ்ரே பற்றி எழுதியவை எத்தனை? மூன்று. 1895 டிசம்பரில் ஒன்று. 1896 மார்ச்சில் ஒன்று. 1897 மார்ச்சில் ஒன்று. அவ்வளவுதான். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நிறுத்திக் கொண்டார்.

மேற்கோள்களை ஒழுங்காக எண்ணும் வேலை அவர் இறந்த பிறகுதான் தொடங்கியது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் யூஜின் கார்பீல்டு என்பவர் 1964-ம் ஆண்டு, எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் பெரிய அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். 2005-ல் ஹிர்ஷ் என்ற விஞ்ஞானி, ஒரே எண்ணில் ஒருவரை அளக்கும் வழியைச் சொன்னார். அதற்கு எச் எண் என்று பெயர். ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எண் 20.

இந்தக் கணக்கில் ராண்ட்ஜனைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்ரே பற்றி மூன்றே கட்டுரை. மூன்றுக்கும் கோடி மேற்கோள் கிடைத்தாலும் எண் மூன்றுதான்! வாயு, பளிங்கு பற்றிய மற்றக் கட்டுரைகளைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

அந்த மூன்றுக்கும் இன்று கோடி மேற்கோள் கிடைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் தினமும் எக்ஸ்ரே எடுக்கும் டாக்டர் ஒரு கட்டுரை எழுதினால், 1895-ம் ஆண்டுக் கட்டுரையை அடியில் குறிப்பிடுவாரா? மாட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகி விட்டது. சைபர் போட்டுக் கணக்கு எழுதுகிறவர், சைபரைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி எழுதுவதில்லை. இட்லிக்கு மாவு அரைக்கிறவள், ஆட்டுக்கல்லை முதலில் கொத்தியவனை நினைப்பதில்லை.

ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ஒரு பெயரே கொடுத்திருக்கிறார். ஒரு கண்டுபிடிப்பு எல்லோருடைய அறிவிலும் கரைந்து போனால், கண்டுபிடித்தவரின் பெயர் மறைந்து போகிறது. புகழ் ஏற ஏற எண்ணிக்கை இறங்குகிறது! சர்க்கரை தண்ணீரில் கரைந்த பிறகு கல்லை எண்ணமுடியுமா?

உலகத்தில் மிக அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை எது தெரியுமா? புரதச் சத்தை அளப்பது எப்படி என்று லௌரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1951-ல் எழுதியது. 2014-ம் ஆண்டுக்குள் அது 3 லட்சம் மேற்கோளைத் தாண்டி விட்டது. உபயோகமான கட்டுரைதான். ஆனால் அது எக்ஸ்ரேயை விடப் பெரியது என்று லௌரி குடும்பத்தாரே சொல்லமாட்டார்கள்.

எண்ணத் தெரியாத எண்ணிக்கையும் உண்டு. ராண்ட்ஜனின் தபாலைப் பற்றிப் பாரிசில் பேச்சு நடந்தது. அதைக் கேட்ட பெக்கரல் சோதனையில் இறங்கி, 1896-லேயே கதிரியக்கத்தைக் கண்டார். அதைத் தொடர்ந்து கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டார்கள். 1912-ல் மியூனிச்சில் லாவே என்பவரின் யோசனைப்படி எக்ஸ்ரேயைப் பளிங்கில் செலுத்தி, அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் கண்டார்கள். அந்தச் சோதனையைச் செய்த இரண்டு இளைஞர்களும் ராண்ட்ஜனிடம் படித்தவர்கள். அந்த வழியில் எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்று, 1953-ல் உயிரின் பரம்பரைச் சரடான டி.என்.ஏ.வின் வடிவத்தைக் காட்டிக் கொடுத்தது. 1971-ல் ஹவுன்ஸ்பீல்டு செய்த இயந்திரம் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்காக அறுத்தது போல் படம் எடுத்தது. அதுதான் இன்று நாம் சொல்லும் ஸ்கேன்.

இவற்றுக்கெல்லாம் மூலம் அந்தப் பத்துப் பக்கம். எந்த நோட்டில் இந்த மொய்யை எழுதுவது?

ஜெர்மனியில் அவர் பெயரே வினைச்சொல்லாகி விட்டது. எக்ஸ்ரே எடு என்பதற்கு அங்கே ராண்ட்ஜன் செய் என்கிறார்கள். கதிரை அளக்கும் அளவுக்கு 1928-ல் ராண்ட்ஜன் என்று பெயரிட்டார்கள். 111-ம் எண் மூலப்பொருளுக்கு 2004-ல் அவர் பெயரை வைத்தார்கள். இவை எதுவும் மேற்கோள் கணக்கில் சேராது.

பெயர் சொல்லாத கோபம்

பெயரைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் சின்ன விஷயம் அல்ல. ஒருவருடைய வாழ்க்கையையே அது கசப்பாக்கி விட்டது.

பிலிப் லெனார்டு என்ற விஞ்ஞானி, ராண்ட்ஜனுக்கு முன்பே இந்தக் குழாய்களை வைத்து அரிய சோதனைகள் செய்தவர். 1894-ல் ராண்ட்ஜன் கேட்டபோது, மெல்லிய அலுமினியத் தகடுகளை அனுப்பி உதவினார். ராண்ட்ஜன் தம் முதல் கட்டுரையில் லெனார்டின் ஆராய்ச்சியைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் இந்த உதவிக்குத் தனியாக நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்றுதான் நமக்கும் தோன்றுகிறது.

லண்டன் ராயல் சங்கம் 1896-ல் ஒரு பதக்கத்தை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது. 1905-ல் லெனார்டுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அப்படியும் மனம் ஆறவில்லை. குழந்தையைப் பெற்ற தாய் தாம் என்றும், ராண்ட்ஜன் வெறும் மருத்துவச்சி என்றும் பிற்காலத்தில் சொல்லி வந்தார். மகா விஞ்ஞானிகளைப் பற்றி 1929-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ராண்ட்ஜனுக்கு ஒரு அத்தியாயம் கிடையாது! பிறகு ஹிட்லர் கட்சியில் சேர்ந்து, ஐன்ஸ்டீன் முதலிய யூத விஞ்ஞானிகளைத் தூற்றினார்.

அமெரிக்காவில் குட்ஸ்பீடு என்ற பேராசிரியரின் கதை வேறு. பிலடெல்பியாவில் 1890-ம் ஆண்டிலேயே அவருடைய ஆராய்ச்சிச் சாலையில் ஒரு போட்டோத் தகட்டில் வட்டமான நிழல்கள் விழுந்திருந்தன. காரணம் தெரியவில்லை. தகட்டை எடுத்து வைத்து விட்டார். ராண்ட்ஜன் செய்தி வந்த பிறகு தேடிப் பார்த்தார். எக்ஸ்ரே நிழல்! ஐந்து வருடம் முன்பே கையில் கிடைத்த புதையல். ஆனாலும் அது தம் கண்டுபிடிப்பு அல்ல என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி விட்டார். கிடைத்தது வேறு, கண்டது வேறு அல்லவா?

பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்

எக்ஸ்ரேக்கு உரிமைப் பதிவு செய்தால் ராண்ட்ஜன் கோடீசுவரர் ஆகியிருப்பார். செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டு விட்டார். பிரபு குலப் பட்டம் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றார்.

1901-ம் ஆண்டு பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது. ஸ்டாக்ஹோம் போய் வாங்கிக் கொண்டார். சொற்பொழிவு செய்யாமல் திரும்பி விட்டார். பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்கு எழுதி வைத்தார். சான்றிதழ் இல்லை என்று சொன்ன அதே சர்வகலாசாலைக்குத்தான்!

அந்தப் பணம் பயன்பட்டதா? முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் நாணய மதிப்பு மண்ணாயிற்று. பரிசுப் பணமும் கரைந்து போயிற்று. ராண்ட்ஜனின் சொந்தச் சேமிப்புக்கும் அதே கதி.

1900 முதல் அவர் மியூனிச்சில் பேராசிரியர். பெர்தா நெடுநாள் நோயில் கிடந்தாள். மருந்து ஊசியை அவரே கையால் போட்டுப் பார்த்துக் கொண்டார். 1919-ல் பெர்தா இறந்தாள். மறு ஆண்டு ராண்ட்ஜன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

எக்ஸ்ரேயின் கொடுமை அவரைத் தாக்கவில்லை. சோதனைகளின்போது உலோகத் தகட்டால் ஆன ஒரு பெட்டி அறைக்குள் இருந்து வேலை செய்தது அவரைக் காப்பாற்றியது. மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கையெல்லாம் புண்ணாகி 1904-ல் இறந்தார். கதிரை ஆராய்ந்தும் நோயாளிகளுக்குப் படம் எடுத்தும் உயிர் விட்ட டாக்டர்கள், நர்சுகள், விஞ்ஞானிகள் ஆகியோருக்கு ஹாம்பர்க் நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் 1936-ல் நினைவுக்கல் நாட்டினார்கள். 1959-க்குள் அதில் 359 பெயர்கள் ஏறிவிட்டன. அவர்களில் பலர் ராண்ட்ஜனைப் போல மூன்று கட்டுரைகூட எழுதியவர்கள் அல்ல.

ராண்ட்ஜனுக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. 1923-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி மியூனிச்சில் காலமானார். வயது 77. தம் கடிதங்களையும் ஆராய்ச்சிக் குறிப்புகளையும் எரித்து விடும்படி முன்பே எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். அந்த ஏழு வாரத்தில் அவர் எழுதிய குறிப்புகளும் நெருப்புக்குப் போயின.

கீசன் நகரக் கல்லறையில், தாய் தந்தையருக்கும் பெர்தாவுக்கும் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.